கருஞ்சீலைப் பட்டம்: குறியிடுதலும் வெட்டுதலும்

பட்டம் என்னுஞ் சொல் கல்லூரிச் சூழலில் இருபொருள் தருவது. ஒன்று பல்கலைக்கழகத்தார் வழங்குவது. மற்றையது வாடைக்காற்று ஏந்துவது. முன்னதைப் பெற்ற பழைய மாணவர் பலர் இம்மலரை அணிசெய்கின்றனர். பின்னதைப் பற்றியே நாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். இரண்டும் ஒன்றுக்கொன்று முற்றிலும் அயலானவை அல்ல என்பது, இதனைப் பொறுமையுடன் படித்து முடிப்போர்க்குப் புலனாகும்.

மாரி மழை ஓய்ந்து வாடை நிலைபெறும் மார்கழி, தை மாதங்களிலே யாழ்ப்பாணக் குடாநாட்டின் வயல்வெளிகளிலும் கடற்கரைகளிலும் கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், வௌவாற் பட்டம், எட்டுமூலைப் பட்டம் எனப் பலவகைப் பட்டங்கள் எழுவதை நாம் அனைவரும் அறிவோம். விண் பூட்டிய பட்டங்களின் ஓசை ஊரெங்குங் கேட்கும். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டி இன்று நாடறிந்த விழாவாக விளங்குகின்றது. இப்பட்டங்களுட் பெரும்பாலானவை தாளினால் ஒட்டப்படுவன. சீலையாற் பட்டங் கட்டுவோர் சிலரே. அச்சிலருள்ளும் கருநிறச் சீலையை எடுப்போர் மிகச் சிலர். அதற்குக் காரணம் கருஞ்சீலை பறவாது என்பதன்று. அதன்மேற் கோடு வரைவதும், வரைந்த கோட்டின்வழி பிசகாது வெட்டுவதும் கடினம் என்பதே. அக்கடினத்தை நீக்கும் வழிகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீலைப் பட்டத்தின் சிறப்பு

சீலைப் பட்டம் புதுமையான பொருளன்று. 1752 ஆம் ஆண்டிலே பெஞ்சமின் பிராங்கிளின் இடிமுகிலின் மின்னை ஆராய்தற்கென விவரித்த பட்டம் பட்டுக் கைக்குட்டையால் ஆயது. மழையும் பெருங்காற்றும் தாளைக் கிழித்துவிடும். பட்டுச் சீலை அவற்றைத் தாங்கும் என்பதே அவர் கூறிய காரணம். பெட்டிப் பட்டத்தை 1893 இல் அமைத்த அவுஸ்திரேலியரான லோறன்ஸ் ஹார்கிறேவ், 1894 நவம்பர் 12 ஆந் திகதி ஸ்ரான்வெல் பார்க் கடற்கரையில், தொடுத்துக் கட்டிய நான்கு பட்டங்களின் வலிமையால் தாமே நிலத்தினின்றும் 16 அடி உயர்ந்தார். ரைற் சகோதரர் 1899 இல் ஐந்தடி அகலமுள்ள பட்டமொன்றிலேதான் சிறகை முறுக்கித் திருப்பும் முறையைச் சோதித்தனர். 1948 இல் பிரான்சிஸ் றொகாலோவும் அவர் துணைவியார் கேட்றூட்டும் சட்டமில்லாத வளைசிறகுப் பட்டத்தை ஆக்கியபோது, அம்மையார் அதனைத் தைத்தது வீட்டுத் திரைச்சீலையைக் கொண்டு. வானத்தை மனிதன் வென்ற வரலாற்றிலே ஊசிக்கும் கத்தரிக்கோலுக்கும் உரிய இடம் சிறிதன்று.

சீலை தாளினுங் கனமானது என்பது உண்மை. ஆயினும் அது மடித்து வைக்கத்தக்கது. பனி பட்டாலும் கிழியாது. ஒரு பருவத்திற்கு அமைத்த பட்டம் பல பருவங்களுக்கு உதவும்.

கருநிறத்தை ஏன் விரும்புதல் வேண்டும்? காரணம் இரண்டு. முதலாவது, பகல் வானம் ஒளி மிக்கது. மென்மையான வெளிர்நிறச் சீலையினூடே ஒளி புகுதலால் அப்பட்டம் உயரச் சென்றதும் வானத்தோடு கலந்து மறைகின்றது. கறுப்புச் சீலையோ நிழலுருவாய்த் தெளிவாகத் தோன்றும். வௌவாலையும் பிராந்தையும் வானில் எழுப்ப விரும்புவோர்க்கு இந்நிறமே இயல்பாகப் பொருந்தும். இரண்டாவது, எல்லார் வீட்டிலும் கிடைக்கத்தக்க நல்ல பட்டச் சீலை ஒன்று உண்டு. அது கம்பி முறிந்து மூலையிற் கிடக்கும் பழைய குடையின் சீலை. நெருங்கிய நெசவும் குறைந்த பாரமும் உடைய அச்சீலை பெரும்பாலுங் கறுப்பாகவே இருக்கும்.

சீலையின் இழைகளை அறிதல்

வெட்டுமுன் சீலையை அறிதல் வேண்டும். நெய்த சீலையில் நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவின் வழியே இழுத்தாற் சீலை மிகச் சிறிதே நீளும். ஊடையின் வழியே சற்றுக் கூடுதலாக நீளும். மூலைவாட்டில் இழுத்தாலோ சதுரக் கண்கள் சாய்சதுரமாகிப் பெரிதும் நீண்டுவிடும். பட்டத்தின் நடுக்கோடு பாவின் வழியே அமையாது ஒருபுறஞ் சாய்ந்திருப்பின், வலச்சிறகின் விளிம்பு ஒருவிதமாகவும் இடச்சிறகின் விளிம்பு வேறுவிதமாகவும் நீளும். மேசைமீது கிடக்கையில் இரு சிறகும் ஒத்திருக்கும். காற்றில் ஏறியதும் ஒத்திரா. ரைற் சகோதரர் தம் விமானச் சிறகுகளுக்கு இழைகள் சட்டத்திற்குச் சாய்வாக அமையுமாறே சீலை போர்த்தனர். அவ்வாறு இழுத்துப் போர்த்த சீலை சட்டத்தை இறுக்கும் கட்டாகவும் உதவியது. சாய்விழை அறிந்தோனுக்குத் துணை; அறியாதோனுக்குப் பகை.

வெண்சீலையில் இழையோட்டத்தைக் கண்ணாலேயே காணலாம். கருஞ்சீலையிற் காண்டல் அரிது. பருத்திச் சீலையாயின், விளிம்பில் ஊடைநூல் ஒன்றைக் குண்டூசியாற் கிளப்பி மெல்ல உருவுக. பின் சீலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், நூல் நீங்கிய வழி மெல்லிய ஒளிக்கோடாகத் தெரியும். அக்கோட்டின்மேல் வெட்டினாற் சீலையின் முனை நேராகும். நைலோன் முதலிய செயற்கைச் சீலையில் நூலை உருவுதல் எளிதன்று. ஆங்குச் சீலையின் நெய்த கரையையே துணையாகக் கொள்க. கிழிதலைத் தடுத்தற்காக இடையிடையே தடித்த நூல் இட்டு நெய்த நைலோனாயின், விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துப் பார்க்க, சிறுசிறு சதுரங்கள் எழுந்து தோன்றும். அச்சதுரங்களே வழிகாட்டிகள்.

புதிய பருத்திச் சீலை நனைந்தாற் சுருங்கும் இயல்பினது. ஆதலின் அதனை முதலில் நீரில் தோய்த்து உலர்த்துக. பின் மிக ஐதான சோற்றுக்கஞ்சியில் இட்டுப் பிழிந்து, சற்று ஈரம் உள்ளபோதே இஸ்திரி செய்க. கஞ்சி பெற்ற சீலை வெட்டும்போது நழுவாது. மடிப்பும் கூர்மையாக விழும். கஞ்சி தடிப்பாயிருப்பின் கறுப்புச் சீலையில் வெண்திட்டுக்கள் படியும். அவற்றினிடையே நாம் இடுங் குறியைத் தேட வேண்டியதாகும்.

எதனாற் குறியிடுவது?

கருஞ்சீலையிற் பென்சிற்கோடு தெரியாது. பேனை மை தெரியாமற் போவதோடு சீலையையும் நனைக்கும். ஆகவே வெண்மையான பொருளே வேண்டும். அவ்வாறான பொருள்களின் குணங்குற்றங்களைத் தனித்தனியே ஆராய்வோம்.

வகுப்பறை வெண்கட்டி எளிதிற் கிடைப்பது. ஆயினும் அதன் முனை மழுங்கியது. கோடு அரைக்காலங்குல அகலம் பெறும். ஒரு சிறகைக் கோட்டின் உட்புறமும் மறு சிறகைக் கோட்டின் வெளிப்புறமும் வெட்டினால் அவ்வரைக்காலங்குலமே வேறுபாடாய் முடியும். தையற்காரர் பயன்படுத்தும் தட்டை வெண்கட்டி இதனிற் சிறந்தது. அதன் விளிம்பைக் கத்தியாற் சுரண்டிக் கூராக்கிக்கொள்ளலாம்.

தேய்ந்து மெலிந்த சவர்க்காரத் துண்டு இன்னொரு நற்கருவி. அதனை இரண்டு நாட்கள் காயவைத்து விளிம்பைத் தீட்டினால் மயிரிழை போன்ற கோடு விழும். ஈரத்துணியால் துடைக்க மறையும். வெள்ளை அல்லது மஞ்சள் நிறப் பென்சில் இறுக நெய்த நைலோனிலே நன்கு எழுதும். மெழுகுக் கோல்களைத் தவிர்த்தல் நலம்; இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் அம்மெழுகு உருகிச் சீலையில் ஊறிவிடும்.

நீண்ட நேர்க்கோட்டிற்குத் தச்சரின் முறை மிகப் பொருத்தமானது. மெல்லிய நூலொன்றைக் கரும்பலகையடியிற் சேரும் வெண்கட்டித் தூளில் தோய்த்து, இரு முனைகளையும் இருவர் இறுகப் பிடிக்க, நடுவே தூக்கி விடுக. நூல் சீலையில் அடித்த இடத்தில் வளையாத வெண்கோடு விழும். இம்முறையிற் சீலையை எப்பொருளும் உரசி இழுப்பதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு.

இவை எவையும் பற்றாத சீலையும் உண்டு. அதற்கு வெள்ளை நூலால் நீண்ட தையலோட்டம் இடுவதே வழி. நேரம் மிகச் செலவாகும். ஆயினும் எத்துணை முறை கையாண்டாலும் அழியாத குறி அதுவே. நெருங்கிய நைலோனில் ஊசித்துளை பின்னர் மறையாது. ஆகவே அச்சீலையில் நூலோட்டமும் குண்டூசியும் மடிப்புக்கென விடும் புறவிளிம்பினுள் மாத்திரம் அமைதல் வேண்டும்.

எக்கருவியைக் கொண்டாலும் முதலிற் சீலையின் ஒரு மூலைத்துண்டில் எழுதியும் அழித்தும் பார்த்த பின்னரே பெருஞ்சீலையிற் கைவைத்தல் முறை.

அளவும் வரைதலும்

எடுத்துக்காட்டாக ஒரு பட்டத்தை வரைவோம். 36 அங்குல அகலமுள்ள சீலையில் ஒன்றரை யார் போதும். பட்டத்தின் நெடுங்கோல் 44 அங்குலம். குறுக்குக்கோல் 30 அங்குலம். குறுக்குக்கோல் நெடுங்கோலைத் தலையிலிருந்து 8 அங்குலத்திற் சந்திக்கும். தலையை ‘அ’ எனவும், அடியை ‘இ’ எனவும், இரு சிறகுமுனைகளை ‘உ’, ‘எ’ எனவும், கோல்கள் சந்திக்கும் இடத்தை ‘ஒ’ எனவும் கொள்வோம்.

இவ்வளவுகளைக் காரணங் கருதியே தேர்ந்தோம். அஒ 8, ஒஉ 15 ஆதலின், செங்கோண முக்கோணத்தின் விதிப்படி அஉ 17 அங்குலமாகும். ஒஇ 36, ஒஉ 15 ஆதலின் உஇ 39 அங்குலமாகும். எல்லா அளவும் பின்னமற்ற முழு எண்கள். பைதகரசின் தேற்றத்தைக் கரும்பலகையில் மட்டும் கண்ட மாணவர், அதே தேற்றம் கருஞ்சீலையிலும் செல்லுபடியாவதை இங்கே காணலாம்.

வழுவழுப்பான பெரிய மேசைமீது சீலையின் பின்புறம் மேலே தெரியுமாறு விரிக்க. சீலையை இழுத்துப் பிடித்தல் ஆகாது. அது தன்னியல்பிற் கிடத்தல் வேண்டும். நான்கு மூலைகளிலும் தடித்த புத்தகங்களை வைக்க. விளக்கைத் தலைக்குமேல் வையாது பக்கத்தே தாழ வைக்க. அவ்வாறு செய்யிற் சீலையின் சுருக்கங்களும் வெண்கோட்டின் ஓரமும் தெளிவாகத் தோன்றும்.

முதலில் நடுக்கோடு. சீலைக் கரையிலிருந்து 18 அங்குலத் தூரத்தில் நான்கைந்து இடங்களில் குறியிடுக. கருஞ்சீலையில் வெறும் புள்ளி எளிதில் தொலையும். தூசுக்கும் புள்ளிக்கும் வேறுபாடு தோன்றாது. ஆகவே புள்ளிக்குப் பதிலாகச் சிறு சிலுவைக் குறி இடுக. அக்குறிகளின்மேல் வெண்தூள் நூலை அடித்தால் நடுக்கோடு பாவிழைக்குச் சமாந்தரமாக அமையும். அதன்மேல், சீலையின் நேராக்கிய முனையிலிருந்து 3 அங்குலத்தில் ‘அ’, 11 அங்குலத்தில் ‘ஒ’, 47 அங்குலத்தில் ‘இ’ ஆகியவற்றைக் குறிக்க. மூன்றையும் ஒரே முனையிலிருந்தே அளத்தல் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றை அளந்து சென்றாற் சிறுபிழைகள் ஒன்றுசேர்ந்து பெருகும்.

அடுத்தது சிறகுமுனைகள். ‘ஒ’ விலே மூலைமட்டத்தை வைத்துச் செங்கோடு வரையலாம். எனினும் மூலைமட்டம் சிறியது. ஆறங்குலத்தில் நேர்ந்த தினையளவு பிழை பதினைந்தங்குலத்திற் பனையளவாய்த் தோன்றும். ஆதலின் வேறு வழியை மேற்கொள்க. ஒரு மெல்லிய மூங்கிற் சிலாகையில் 17 அங்குல இடைவெளியில் இரு துளைகளும், இன்னொன்றில் 39 அங்குல இடைவெளியில் இரு துளைகளும் இடுக. முதற்சிலாகையின் ஒரு துளையை ‘அ’ வில் விரலால் அழுத்தி, மறுதுளையில் வெண்பென்சிலை நுழைத்து ஒரு வில் வரைக. இரண்டாஞ் சிலாகையால் ‘இ’ யிலிருந்து இன்னொரு வில் வரைக. இரு விற்களும் வெட்டும் இடம் ‘உ’. அவ்வாறே மறுபுறத்தில் ‘எ’. நூலைக் கொண்டு இவ்விற்களை வரைதல் கூடாது. நூல் கையின் இழுப்பிற்கேற்ப நீளும்.

கோடு இழுக்கும்போது ஒன்றை நினைவிற் கொள்க. கரும்பலகை அசையாது நிற்கும். சீலையோ வெண்கட்டியின் முன்னே அலையாகத் திரண்டு ஓடும். ஆகவே நீண்ட கோட்டை ஒரே மூச்சில் இழுத்தல் ஆகாது. அடிமட்டத்தின் ஓரத்தைக் கையால் நன்கு அழுத்தி, சிறுசிறு கீற்றுக்களாக வரைந்து இணைத்தல் வேண்டும்.

இவ்வாறு பெற்ற நாற்பக்கக் கோடு மடிப்புக்கோடு. அதற்கு வெளியே ஓரங்குலம் விட்டு இன்னொரு கோடு வரைக, அதுவே வெட்டுக்கோடு. இரண்டும் ஒரே வெண்மையாய் இருப்பின் கத்தரிக்கோல் எதன்வழிச் செல்வதென மயங்கும். மடிப்புக்கோட்டைத் துண்டுதுண்டாகவும், வெட்டுக்கோட்டைத் தொடர்ச்சியாகவும் வரைந்தால் மயக்கம் தீரும். இரு கோட்டிலும் உள்விளிம்பே மெய்யான கோடு என வரைவோரும் வெட்டுவோரும் முன்னரே உடன்பட்டுக்கொள்க.

ஒரே அளவிற் பல பட்டங்கள் கட்ட விரும்புவோர் தடித்த மட்டையில் அரைப்பட்டத்தின் அச்சு ஒன்றை வெட்டி வைத்துக்கொள்வது நன்று. அதனை நடுக்கோட்டின் ஒருபுறம் வைத்து வரைந்து, பின் புரட்டி மறுபுறம் வைத்து வரைந்தால் இரு சிறகும் ஒன்றின் நிழல் மற்றொன்று என அமையும். வௌவாற் பட்டம் போன்ற வளைவோரப் பட்டங்களுக்கு இம்மட்டை அச்சு இன்றியமையாதது.

குடைச்சீலையைக் கொள்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. குடையின் துண்டுகள் கூம்பிய முக்கோணங்கள்; கவிந்து நிற்றற்பொருட்டு அவற்றின் பக்கங்கள் வளைத்து வெட்டப்பட்டுள்ளன. அவற்றைப் பிரிக்காமல் விரித்தாற் சீலை தட்டையாய்க் கிடவாது. ஆகவே தையலை அவிழ்த்து, ஒவ்வொரு துண்டையும் இஸ்திரி செய்து, வளைந்த ஓரத்தை நீக்கி நேராக்கியே பயன்படுத்துக. இரு துண்டுகளை இணைத்துச் சிறுபட்டம் ஆக்குவதாயின், இணைப்புத் தையல் நெடுங்கோலின்மேல் நடுவாக அமைதல் வேண்டும். வேறெங்கு அமைந்தாலும் ஒரு சிறகு கனத்துவிடும்.

வெட்டுதல்

வெட்டொன்று துண்டிரண்டு என்பது பேச்சுக்குப் பெருமை தரலாம். சீலைக்கோ அஃது எச்சரிக்கை. வரைந்த கோட்டை அழித்து மீண்டும் வரையலாம். வெட்டிய சீலையை மீண்டும் வெட்டாத சீலையாக்க இயலாது. எனவே கத்தரிக்கோலை எடுக்குமுன் நான்கு பக்கங்களையும் இன்னொரு முறை அளந்து பார்க்க. தாமே அளந்ததை இன்னொருவர் அளந்து சொல்லக் கேட்பது அதனினும் நன்று.

பருத்திக்கு நீண்ட அலகுள்ள கூரிய கத்தரிக்கோல் வேண்டும். தாள் வெட்டி மழுங்கியது உதவாது. கீழலகு மேசையை விட்டு எழாது சறுக்கிச் செல்லுமாறு வெட்டுக. சீலையைக் கையில் தூக்கி வெட்டினால் அதன் பாரமே சாய்விழைகளை இழுத்துக் கோட்டை வளைத்துவிடும். ஒவ்வொரு வெட்டிலும் அலகுகளை நுனிவரை மூடாது முன்னேறுக. நுனிவரை மூடினால் விளிம்பிற் பல்பல்லாகத் தடம் விழும். பக்கம் திரும்ப வேண்டின் வெட்டுவோரே மேசையைச் சுற்றி வருக, சீலையைத் திருப்பற்க. வெண்கட்டிக் கோடு கைபட்டு உதிரும் இயல்பினது. ஆகையால் வரைந்த அன்றே வெட்டிவிடுதல் முறை.

பருத்திச் சீலையை நடுக்கோட்டில் மடித்து இரண்டு சிறகையும் ஒருங்கே வெட்டுவாரும் உளர். கஞ்சி பெற்ற சீலைக்கு அது பொருந்தும். நைலோனுக்குப் பொருந்தாது, மேலடுக்கு கீழடுக்கின்மேல் வழுக்கும். கருஞ்சீலையாதலின் கீழடுக்கு வழுக்கியமை வெட்டி விரித்த பின்னரே தெரியவரும்.

நைலோன், பொலியெஸ்தர் ஆகிய செயற்கைச் சீலைகளைக் கத்தரித்தால் விளிம்பு நூல்நூலாகப் பிரியும். மின்கருவி திருத்துவோர் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலின் கூர்நுனியால் அவற்றை வெட்டலாம். வெட்டும்போதே விளிம்பு உருகி அடைபடும். சீலையைக் கண்ணாடித் தகட்டின்மேல் விரித்து, இரும்பு அடிமட்டத்தை ஓரமாக வைத்து, நில்லாது ஒரே சீராக இழுத்துச் செல்க. கண்ணாடியின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தல் கருஞ்சீலைக்கு உரிய உபாயம். சூட்டுக்கோல் செல்லச் செல்லக் கறுப்பினிடையே வெண்கோடு திறந்துகொண்டே வரும். வெட்டு நேராயுள்ளதா, இடையில் அறாது விட்ட இழை உண்டா என்பன உடனே புலனாகும். பருத்தி சூட்டில் உருகாது; கருகும். அதற்கு இம்முறை ஆகாது. உருகுஞ் சீலையின் புகை கேடு விளைவிப்பது. ஆகவே யன்னல்கள் திறந்த இடத்தில், பெரியவர் ஒருவர் அருகிருக்கவே மாணவர் இதனைச் செய்தல் வேண்டும்.

வெட்டியபின் வெண்தூளைத் தூரிகையால் முற்றாகத் தட்டிவிட்டு மடிப்பைத் தைக்க. பட்டத்தின் நான்கு விளிம்பும் இழைக்குச் சாய்வாகவே ஓடுவன. தனித்துவிட்டால் காற்றில் நீண்டு படபடக்கும். மடிப்பினுள்ளே நீளாத உறுதியான நூலொன்றை வைத்துத் தைத்துவிட்டால் இழுப்பை நூல் ஏற்கும். சீலை தன் வடிவிலே நிற்கும்.

ஒப்புநோக்கல்

தைத்து முடித்த பட்டத்தின் பக்கங்கள் 17, 17, 39, 39 என அளவில் ஒத்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. நாற்பக்க உருவம் பக்க அளவு மாறாமலே சாயவல்லது. கதவில்லாத படலைச் சட்டம் சரிவது போல அது சரியும். ஆகவே ‘அ’ விலிருந்து ‘இ’ வரையுள்ள 44 அங்குலத்தையும் அளத்தல் வேண்டும். அதுவும் ஒத்திருந்தால், நடுக்கோட்டின் இருமருங்கும் 17, 39, 44 என்னும் மூன்று பக்கங்கள் உடைய இரு முக்கோணங்கள் கிடைக்கின்றன. மூன்று பக்கங்களும் முறையே சமமாயின் முக்கோணங்கள் ஒருங்கிசையும் என்பது யூக்கிளிட்டின் முதல் நூலிலுள்ள எட்டாந் தேற்றம். அத்தேற்றத்தை நிறுவிப் பத்துப் புள்ளி பெற்ற மாணவன், தன் பட்டத்தின் இரு சிறகையும் நிறுவிக்காட்ட இதுவே தருணம்.

பிழையின் விளைவை எண்ணாற் காண்போம். ஒவ்வொரு சிறகின் பரப்பும் 44 இன் பாதியை 15 ஆற் பெருக்க வரும் 330 சதுர அங்குலம். ஒரு சிறகுமுனை காலங்குலம் வெளியே சென்றுவிட்டால் அச்சிறகு 335½ சதுர அங்குலமாகும். இவ்வேறுபாடு சிறிதே. இளங்காற்றில் அது தோன்றவும் மாட்டாது. ஆயின் காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். கீழே அமைதியாய் நின்ற பட்டம் மேலே வலுத்த காற்றை அடைந்ததும் ஒருபுறஞ் சரிந்து, சுழன்று, தலைகீழாய் விழுவது பெரும்பாலும் இதனாலேயே. முச்சையைத் திருத்தியும் வாலை நீட்டியும் ஓரளவு சமாளிக்கலாம். வெட்டிற் பிறந்த குறையை அவை முற்றாக மாற்றா.

காற்றின் விசையைச் சிறிதென எண்ணுதலும் ஆகாது. 2021 டிசம்பரிலே வடமராட்சியில் பெரும் பட்டமொன்றின் கயிற்றைப் பற்றிநின்ற இளைஞர் ஒருவர் கயிற்றோடு வானில் உயர்ந்து, பின் விழுந்து உயிர்தப்பிய செய்தியைப் பலரும் அறிவர். மின்கம்பிகள் செல்லும் இடத்திலும், தனியே நின்றும், பெரும் பட்டம் ஏற்றுதல் அறிவுடைமையன்று.

முடிவுரை

கையால் அறிவதையும் நூலால் அறிவதையும் வேறுவேறாக வைத்துப் போற்றும் வழக்கம் எம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஒருங்கிசைவைத் தாளில் நிறுவத் தெரிந்த மாணவன், இரண்டு சிறகைச் சமமாக வெட்டத் தெரியாது நிற்கின்றான். சமமாக வெட்டத் தெரிந்த தையற்காரரின் மகன், தன் தந்தையார் நாள்தோறுஞ் செய்வது கேத்திரகணிதமே என்பதை அறியாது கணிதத்தை அஞ்சுகின்றான். இவ்விருவரையும் ஒரே மேசையின் இருபுறத்தும் நிறுத்தி, நடுவே ஒன்றரை யார் கறுப்புச் சீலையை விரித்துவிட்டால், ஒருவரிடமிருந்து மற்றவர் கற்பது மிகுதி. ஒரு பாடசாலை தன் பிள்ளைகளுக்கு அளிக்கத்தக்க நன்மைகளுள் இதுவும் ஒன்றென நாம் கருதுகின்றோம்.

இதில் இழப்பதற்கும் பொருள் உண்டு. மாணவன் ஒருவனுக்குச் சீலை வாங்கிய காசு சேமித்த காசு. பழங்குடை பாட்டியாரிடம் கேட்டுப் பெற்ற பொருள். ஒரு தவறான வெட்டில் அது வீணாகும். அதனாலேயே அவன் வரையுமுன் சிந்திக்கின்றான். வெட்டுமுன் மீண்டும் அளக்கின்றான். பயிற்சிக் கொப்பியில் நேர்ந்த பிழையை அழிப்பானால் அழிக்கலாம். இங்கே அழிப்பானுக்கு இடமில்லை. மேலும், பரீட்சகர் சிலவேளை இரங்கிப் புள்ளி கூட்டி வழங்குதல் உண்டு. காற்றுக்கு முகதாட்சணியம் இல்லை. ஒழுங்காய் வெட்டிய பட்டத்தை அது ஏந்தும், அல்லாததைத் தள்ளிவிடும்.

ஆகவே எம் இளைய மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. முதற்பட்டத்தைப் பழைய செய்தித்தாளில் வரைந்து வெட்டிப் பழகுக. அடுத்ததைக் கிழிந்த வெண்சீலையில் வெட்டுக. மூன்றாவதாகக் கருஞ்சீலையை எடுக்க. உள்ளூர்த் தையற்காரரையும் குடை திருத்துவோரையும் அணுகி, அவர் கறுப்புச் சீலையில் எவ்வாறு குறியிடுகின்றார் என்பதை வணக்கத்துடன் கேட்டறிக. பழைய மாணவராகிய பெரியோரும் தம் வீட்டுப் பழங்குடைகளை எறிந்துவிடாது கல்லூரிக் கைப்பணி அறைக்கு அனுப்பிவைப்பாராயின், வருந் தைத்திங்களில் அவை மீண்டும் விரியும். முன்னர் மழையைத் தடுத்தவை இனிக் காற்றை ஏற்கும். அவற்றை ஏற்றும் பிள்ளைகளின் கை உறுதியும் கண் நேர்மையும் நாளும் வளர்வனவாக.